கீழடியின் நூலும் கிடைக்காத ஆடையும்

தமிழில் 'நூல்' என்னும் ஒரே சொல் பஞ்சிலிருந்து திரிக்கப்படுவதையும் ஏட்டில் எழுதப்படுவதையும் குறிக்கும். நன்னூலின் பாயிரம் இவ்விரண்டையும் இணைத்து, சொல்லைப் பஞ்சாகவும், புலவனின் வாயை நூற்பவளின் கையாகவும், அவன் மதியைக் கதிராகவும் காட்டிவிட்டது. அரபியிலும் இதற்கு இணையாக ஓர் உறவு உண்டு. நூற்றல் எனப் பொருள்படும் 'கஸ்ல்' என்பதும், காதற்பாட்டைக் குறிக்கும் 'கஸல்' என்பதும் ஒரே மூவெழுத்து வேரில் பிறந்தவை. கேட்க இனிய உறவுதான். ஆனால் பண்டை நூலைப் பற்றிப் பேசும் இன்றைய நூல்களில் இவ்விரு நூல்களும் ஒன்றோடொன்று பின்னிச் சிக்கிக்கொண்டன. எது மண்ணிலிருந்து எடுத்த இழை, எது ஆசிரியர் தம் மதியிலிருந்து திரித்த இழை என்று பிரித்தறிவது கடினமாகிவிட்டது. அச்சிக்கலை எடுக்க முயல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மதுரைக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 12 கி.மீ. தொலைவில், வைகைச் சமவெளியில், சிவகங்கை மாவட்டத்து எல்லைக்குள் கீழடி உள்ளது. பள்ளிச்சந்தைத் திடல் என்னும் தென்னந்தோப்பு மேட்டில் 2014-15ஆம் ஆண்டுப் பருவத்தில் மத்தியத் தொல்லியல் துறை அகழத் தொடங்கியது. நான்காம் பருவத்திலிருந்து அப்பணியை மாநிலத் தொல்லியல் துறை மேற்கொண்டது. அப்பருவத்தின் பயனாக 2019 செப்டம்பரில் அத்துறை ஒரு சிறு நூலை வெளியிட்டது. 5,820 தொல்பொருள்கள், தமிழி எழுத்துப் பொறித்த 56 பானை ஓடுகள், 353 செ.மீ. ஆழத்துக் கரித்துண்டுக்குக் கி.மு. 580 என்ற காலக் கணிப்பு என அந்நூல் கொணர்ந்த செய்திகள் தமிழுலகத்தையே தலைநிமிரச் செய்தன. அப்பெருமிதத்தில் எனக்கும் பங்குண்டு. நம் முன்னோர் கடல் கடந்து வந்தோரும் இம்மண்ணில் பிறந்தோருமாகக் கலந்தவர்கள். வைகைக் கரையின் பழமை நமக்கும் வீட்டுச் செய்தியே.

அந்நூல் நெசவைப் பற்றிச் சில வரிகளே சொல்கிறது. தக்களி வில்லைகள், கூர்முனை எலும்புக் கருவிகள், நூலில் தொங்கவிடும் கற்கள், சுடுமண் உருண்டைகள், செம்பு ஊசி, நீர்மம் தேக்கும் மட்கலங்கள் ஆகியவற்றை ஒரே மூச்சில் அடுக்கி, நூற்பு முதல் தறி அமைத்தல், நெய்தல், சாயமிடுதல் வரை நெசவுத் தொழிலின் எல்லாப் படிகளையும் இவை தெளிவாகக் காட்டுகின்றன என்று முடிக்கிறது. அச்சில வரிகள் மேடைகளிலும் இதழ்களிலும் பட்ட பாடு பெரிது. 'கீழடியில் நெசவாலை' என்றார் ஒருவர். 'கீழடி ஆடை உலகெங்கும் உடுத்தப்பட்டது' என்றார் மற்றொருவர். ஓர் உண்மையை இவர்கள் எவரும் சொல்லக் காணோம். அந்நூலின் சான்றுப் பட்டியலில் ஆடை இல்லை. உள்ளவை கருவிகள் அல்லது கருவிகள் எனக் கருதப்பட்டவை.

செய்தியொன்று வந்தால் அதைத் தரம் பிரிக்க நம் முஹத்திஸ்கள் ஒரு கலையையே வகுத்தார்கள். 'மத்னு' எனப்படும் செய்தியின் உடலை மட்டும் பார்த்து அவர்கள் மயங்கவில்லை. 'ஸனது' எனப்படும் அறிவிப்பாளர் தொடரையும் கண்ணி கண்ணியாகச் சோதித்தார்கள். தொடர் அறுந்திருந்தால், செய்தி எவ்வளவு அழகானதாயினும் அதற்குரிய கீழ்ப்படியிலேயே வைத்தார்கள். அகழாய்வுக்கும் இதுவே நெறி. ஒரு பொருள் எந்தக் குழியில், எந்த அடுக்கில், எதனோடு சேர்ந்து கிடைத்தது என்பதே அதன் ஸனது. அது தெரியாத பொருள், அறிவிப்பாளர் பெயர் தெரியாத ஹதீஸ் போன்றது. மேலும், பலமான ஓர் அறிவிப்போடு பலவீனமான ஐந்தைச் சேர்த்துக் கட்டினால் ஐந்தும் பலம் பெற்றுவிடா. கீழடி நூலின் அப்பகுதியில் நிகழ்ந்திருப்பது இத்தகைய கட்டுதான்.

ஒவ்வொன்றாக அவிழ்ப்போம். தக்களி வில்லை பலமான சான்று. நடுவில் துளையிட்ட அச்சிறு வட்டம் கதிரின் அடியில் கனம் சேர்த்துச் சுழற்சியை நீட்டிக்கும்; நூற்பதற்கே செய்யப்பட்டது அது. மணியோ என்ற ஐயம் சிலவற்றில் எழலாம் என்றாலும், வடிவும் துளையும் கனமும் ஒத்துவரும்போது ஐயம் நீங்கும். ஆகவே அவ்வூரில் நூற்றார்கள் என்பது ஸஹீஹான செய்தி. அதற்கு மேலும் அவ்வில்லை பேசக்கூடும். கனம் குறைந்த வில்லை மெல்லிய இழைக்கு ஏற்றது. கனத்தது தடித்த இழைக்கும் முறுக்குக் கயிற்றுக்கும் ஏற்றது. பருத்தியின் குட்டை இழை, கனத்த கதிரில் அறுந்துவிடும். எனவே வில்லைகளை நிறுத்து, விட்டம் அளந்து, துளையின் அகலம் குறித்து ஓர் அட்டவணை தந்திருந்தால், வைகைக் கரைப் பெண்டிர் நூற்றது வேட்டிக்கா, சாக்குக்கா, வலைக்கா என்றாவது நாம் ஊகித்திருக்கலாம். பெருமையைச் சொல்லிய நூல் எடையைச் சொல்லாமல் விட்டதே என் முதற்குறை.

கூர்முனை எலும்புகள் ஹஸன் என்னும் நடுத்தரம். பாவின் இழைகளை விலக்கவும் ஊடையை அழுத்தவும் இவை உதவும். பிறநாட்டுத் தறிகளருகே இவை போன்றவை கிடைத்துள்ளன. ஆனால் தோலில் துளையிடவும், பாய் முடையவும், பானையில் கீறவும் இதே கூர்முனை போதும். முனையில் இழை உராய்ந்த தேய்மானம் உண்டா என்று உருப்பெருக்கியில் பார்த்துச் சொன்னாலன்றி இவற்றை நெசவாளருக்கே உரியவை என்று எழுதிக்கொடுக்க இயலாது. செம்பு ஊசியோ தைத்தலுக்குச் சான்று. தைப்பவர் எல்லாம் நெய்பவர் அல்லர் என்பதைத் தையற்காரர் குடும்பங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

தொங்குகற்கள்தாம் பலவீனமானவை. பாவிழைகளின் நுனியில் கனம் கட்டிச் செங்குத்தாகத் தொங்கவிடும் தறி பண்டைக் கிரேக்கத்திலும் ஐரோப்பாவிலும் வழங்கியது. அங்கே தறிக்கனங்கள் குவியல் குவியலாகக் கிடைக்கின்றன. நம் நாட்டுத் தறி அத்தகையதன்று. பரமக்குடியிலோ சின்னாளபட்டியிலோ குழித்தறியின் முன் நின்று பார்த்தவர் அறிவர்: பாவு கிடையாக நீண்டு கிடக்கும், நெய்பவர் கால்களைக் குழிக்குள் விட்டு மிதியை மிதிப்பார். பாவை இறுக்க ஓரிடத்தில் கல் தொங்கவிட்டிருக்கவும் கூடும், மறுப்பதற்கில்லை. ஆயினும் துளையிட்ட கல், வைகையில் மீன்பிடித்தவனின் வலையிலும் தொங்கியிருக்கலாம். எத்தனை கற்கள் ஒரே வரிசையில் கிடந்தன என்ற செய்தியே இங்கு வழக்கைத் தீர்க்கும். நீர்மம் தேக்கும் கலத்தைப் பற்றி என்ன சொல்ல! தண்ணீர்ப் பானையைச் சாயப்பானை ஆக்குவதற்கு அதன் வயிற்றில் ஒரு துளி நிறமாவது ஒட்டியிருக்க வேண்டாமா?

காலத்தைப் பற்றியும் ஒரு சொல். கி.மு. 580 என்பது 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த ஒரு கரித்துண்டின் காலம். பல்வேறு ஆழங்களில் கிடைத்த தக்களி, ஊசி, எலும்பு எல்லாவற்றுக்கும் அதே ஆண்டைச் சூட்டுவது, ஒருவருடைய பிறந்த தேதியை அத்தெருவார் அனைவருக்கும் எழுதிவிடுவது போலாகும்.

இவ்வாறு ஊகம் உண்மையாக உறைந்துபோன முன்கதை நம் நாட்டிலேயே உண்டு. 1945இல் மார்ட்டிமர் வீலர் புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டை அகழ்ந்தபோது செங்கல் தொட்டிகளையும் கால்வாய்களையும் கண்டு, இவை மசுலின் துணிக்குச் சாயமிட்ட தொட்டிகளாகலாம் என்றார். அவர் சொன்னது 'ஆகலாம்'. அவர் நூலைப் படித்தவர்கள் 'ஆம்' என்று எழுதினார்கள். பாடநூல்கள் அதையே மாணவர்க்கு ஓதின. 1989 முதல் 1992 வரை விமலா பெக்லியின் குழுவினர் அம்மேட்டை மீண்டும் அகழ்ந்தனர். பின்வந்த ஆய்வாளர் சாயத்தொட்டி என்ற முடிவை ஏற்கத் தயங்கினர். ஆயினும் பழைய செய்தி இன்னும் வகுப்பறைகளில் உலவுகிறது.

சங்க இலக்கியத்தைச் சான்றாக்குவோர் வேறொரு வழியில் வழுக்குகின்றனர். இழை போன வழி கண்ணுக்குப் புலப்படாத நுண்ணிய ஆடையைப் பாம்பின் உரிக்கு ஒப்பிட்டார் ஒரு புலவர்; ஆகவே இன்ன எண் நூல் நூற்றார்கள் என்று இவர்கள் கணக்கு எழுதுகின்றனர். உவமை, பாடுபவனின் வியப்பை அளக்கும். இழையின் பருமனை அளக்காது. இலக்கியத்தை இலக்கியமாகப் படியாமல் சந்தைச் சிட்டையாகப் படிப்பதால் கவிதையும் கெடும், கணக்கும் கெடும்.

ஆனால் எழுத்துச் சான்று மதுரைக்கு அருகிலேயே கல்லில் இருக்கிறது. அழகர்மலைக் குகைத்தளத்தில், கற்படுக்கை செய்வித்த கொடையாளர் பெயர்களைத் தமிழியில் பொறித்துள்ளனர். அவர்களுள் பொன் கொல்லன், உப்பு வணிகன் ஆகியோரோடு ஓர் 'அறுவை வணிகன்' இருக்கின்றான். அறுவை என்றால் ஆடை. தறியிலிருந்து அறுத்தெடுப்பதால் அறுவை, துணிக்கப்படுவதால் துணி. அரபியிலும் துணித்துண்டுக்குப் பிளத்தல் என்னும் வேரிலிருந்து 'ஷுக்கா' என்ற பெயர் வந்தது. இரு மொழிகளின் நெசவாளரும் தறியிலிருந்து அறுக்கும் அக்கணத்தையே கண்டு பெயரிட்டிருக்கின்றனர். சங்கப் புலவர் வரிசையிலும் மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் என்றொருவர் உண்டு. கடையில் துணியளந்த கையே பாட்டும் எழுதியிருக்கிறது. பழைய மதுரையில் ஆடை வாணிபம் செழித்தது என்பதற்கு, ஐயத்துக்குரிய பத்துத் தொங்குகற்களைவிட, 'அறுவை வணிகன்' என்ற அவ்விரு சொற்கள் எனக்குப் பெரிய சான்று. கீழடியின் தக்களியையும் அழகர்மலையின் கல்லெழுத்தையும் சேர்த்துப் படித்தால், நூற்றவரும் விற்றவரும் இருபுறம் நிற்க, நெய்தவர் நடுவில் இருந்திருக்க வேண்டும் என்று நிதானமாகச் சொல்ல முடியும். 'கண்டோம்' என்பது வேறு, 'இருந்திருக்க வேண்டும்' என்பது வேறு. இரண்டாவதைச் சொல்வதில் இழுக்கொன்றும் இல்லை.

எதிர்ப்பக்கத்தாரையும் விட்டுவிடலாகாது. துணியே கிடைக்கவில்லை, ஆகவே நெசவும் இல்லை, நாகரிகமும் இல்லை என்று சிலர் நகைக்கின்றனர். தேடிக் கிடைக்காமை வேறு, இல்லாமை வேறு என்பது மத்ரஸாவின் முதல் வகுப்புகளிலேயே மாணவன் கற்கும் விதி. துணி ஏன் கிடைக்கவில்லை என்பது நம் குடும்பங்களுக்கு விளக்க வேண்டாத செய்தி. கஃபன் துணியை நாம் நம் கையாலேயே மண்ணில் வைக்கிறோம். நாயகம் (ஸல்) அவர்கள் யமனிலிருந்து வந்த மூன்று வெண்ணிறப் பருத்தித் துணிகளால் கஃபனிடப்பட்டார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அறிவிக்கிறார்கள். பருத்திக்கு அங்கே வந்துள்ள சொல் 'குர்ஸுஃப்'. அன்று முதல் இன்றுவரை உம்மத்தின் வெண்பருத்தி எவ்வளவு மண்ணுக்குள் போயிருக்கும்! பழைய கப்றுகளுள்ள மையவாடிகளில் குழி தோண்டுவோருக்கு எலும்பு தென்படும், துணி தென்படுவதில்லை. மழைக்கு நனைந்து கோடையில் வெடிக்கும் நம் மண்ணில் பூஞ்சையும் நுண்ணுயிரும் பருத்தியைச் சில ஆண்டுகளில் தின்று தீர்த்துவிடும். இரண்டாயிரத்தைந்நூறு ஆண்டுகளை அது எப்படித் தாங்கும்?

தாங்கிய இடங்களும் உண்டு. தாங்கிய காரணமும் தெரிந்ததே. மொகஞ்சதாரோவில் 1920களில் கிடைத்த வெள்ளிக் கலம் ஒன்றில் பருத்தித் துணி ஒட்டியிருந்தது. அதைப் பம்பாய் மாதுங்காவிலிருந்த பருத்தி ஆய்வுக்கூடத்தில் குலாட்டியும் டர்னரும் சோதித்துப் பருத்தியே என்று உறுதி செய்தனர். பலூசிஸ்தானத்து மெஹர்கரில், புதைகுழியில் கிடந்த ஒரு செம்பு மணியின் துளைக்குள் பருத்தியிழை இருந்ததைப் பிரெஞ்சு ஆய்வாளர் 2002இல் வெளியிட்டனர், அது கி.மு. ஆறாம் ஆயிரத்தாண்டைச் சேர்ந்தது. உலோகம் கறுத்துக் களிம்பேறும்போது அதன் உப்பு, அருகிலுள்ள இழைக்குள் புகுந்து, நுண்ணுயிரைக் கொன்று, இழையைக் கல்போல ஆக்கிவிடுகிறது. இழை போய்விட்டாலும் அதன் அச்சு களிம்பில் நிற்கும். பச்சைக் களிம்பு பார்ப்பதற்கு அழுக்கு. ஆராய்ச்சிக்கு அதுவே ஆவணம். ஆகவே கீழடியின் செம்பு ஊசியையும், அருகேயுள்ள கொந்தகை ஈமத்தாழிகளின் இரும்புப் பொருள்களையும் பளபளவென்று துலக்குவதற்கு முன் உருப்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்க்க வேண்டும். 2023 மார்ச்சு 5இல் திறக்கப்பட்ட கீழடி அருங்காட்சியகத்தைக் காணச் செல்லும் அன்பர்கள், பளபளப்பைத் தேடாமல் களிம்பைத் தேடிப் பார்ப்பார்களாக.

நம் மண் தின்றுவிட்டதை எகிப்தின் மணல் காத்து வைத்திருக்கிறது. செங்கடற் கரையிலுள்ள பெரனிகே துறைமுகத்தை 1994 முதல் அகழ்ந்தவர்கள், குப்பைமேடுகளில் பருத்தித் துணிகளையும் கப்பற்பாயின் கிழிசல்களையும் கண்டெடுத்தனர். அவற்றை ஆராய்ந்த ஜான் பீட்டர் வைல்டு, ஃபெலிசிட்டி வைல்டு இருவரும் பிடித்துக்கொண்ட நுனி மிகச் சிறியது: நூலின் முறுக்கு எப்பக்கம் சாய்கிறது? எகிப்தியர் தம் நாட்டுச் சணலிழையின் இயல்பையொட்டி ஒரு பக்கமாக முறுக்கினர். இந்தியர் தம் பருத்தியை எதிர்ப்பக்கமாக முறுக்கினர். கதிர் சுழன்ற திசை நூற்றவரின் நாட்டைச் சொல்லிவிட்டது. எங்கோ ஒரு முற்றத்தில் விரலால் கதிரைச் சுண்டிவிட்டவளின் கைப்பழக்கம், கடல் கடந்து சென்றும் மாறாமல் சாட்சி சொல்கிறது. திறனாய்வு என்றால் இதுவல்லவா! அளக்கத்தக்கதை அளந்து, அந்த அளவு தாங்கும் முடிவை மட்டும் சொல்வது. அம்முறுக்கு 'இந்தியா' என்கிறது. 'மதுரை' என்று சொல்லவில்லை. வைல்டு இணையரும் அப்படிச் சொல்லவில்லை.

ஃபுஸ்தாத்துத் துணிகளிலும் இதே எச்சரிக்கை வேண்டும். அம்ரு இப்னுல் ஆஸ் (ரலி) அவர்கள் நிறுவிய அப்பழைய கெய்ரோ நகரின் இடிபாடுகளோடு தொடர்புடைய அச்சுத்துணித் துண்டுகள் ஏராளம். 1938இல் ஃபிஸ்டர் அவற்றைப் பற்றி எழுதினார். ஆக்ஸ்ஃபோர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் நியூபெரி சேர்த்துவைத்த ஆயிரத்துக்கு மேற்பட்ட துண்டுகளை ரூத் பார்ன்ஸ் அட்டவணைப்படுத்தி 1997இல் வெளியிட்டார். அவற்றுள் பெரும்பாலானவை குஜராத்தினவாக ஆராய்ச்சியாளர் கருதுபவை. அரபு நாட்டார் உடுத்திய இந்தியத் துணியெல்லாம் நம் கரையினது என்று நம்மவர் சிலர் பேசுவதை இத்துண்டுகள் ஆதரிக்கவில்லை.

குஸைர் அல்கதீம் என்னும் மற்றொரு செங்கடல் துறைமுகமே என் மனத்தைப் பெரிதும் ஈர்ப்பது. அங்கே ரோமர் கால அடுக்கில் 'கணன்', 'சாதன்' என்று தமிழியில் பெயர் பொறித்த ஓடுகள் கிடைத்தன. பிறிதொரு சாடியின் ஓட்டில் இருந்த எழுத்தை ஐராவதம் மகாதேவன் 'பானை ஒறி' என்று படித்து 2007இல் வெளியிட்டார். ஒறி என்பது நம் உறியே. எறும்பும் பூனையும் எட்டாதபடி பாட்டிமார் பாற்பானையை வைத்துத் தொங்கவிடும் அந்தக் கயிற்று உறிதான். கயிறு மட்கிவிட்டது, பானை உடைந்துவிட்டது, கயிற்றின் பெயர் மட்டும் ஓட்டில் நிற்கிறது. நார்ப்பொருள் எதுவும் கையில் இன்றி, நார்ப்பொருளுக்கு இதைவிட உறுதியான சான்று எனக்குத் தெரிந்து வேறில்லை. அதே மேட்டின் மேலடுக்கில், ஹிஜ்ரி ஏழாம் நூற்றாண்டு வாக்கில் வாழ்ந்த வணிகரான ஷெய்கு அபூ முஃபர்ரிஜின் வீட்டிலிருந்து அரபிக் கடிதங்களும் சரக்குச் சீட்டுகளும் வெளிவந்தன. லி குவோ என்னும் அறிஞர் அவற்றை 2004இல் பதிப்பித்தார். ஒரே மேட்டில் கீழே தமிழ், மேலே அரபி. இரண்டுக்கும் இடையே ஆயிரம் ஆண்டு இருப்பதால், ஒன்றை மற்றொன்றின் தொடர்ச்சி என்று அவசரப்பட்டுக் கூறலாகாது. எனினும் இவ்விரு எழுத்தையும் வாசிக்கும் கல்வி நம் வீடுகளில் இருக்கிறது என்பதை நம் இளைஞர்க்கு நினைவூட்டலாம்.

இத்தனை கடுமை எதற்கு, பெருமையை அனுபவிக்க விடக்கூடாதா என்று கேட்பவர்களுக்கு இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் கடையைக் காட்டுவேன். கூஃபாவில் துணி வணிகராக இருந்த அவர்கள், குறையுள்ள ஒரு துணியின் குறையைச் சொல்லி விற்குமாறு கூட்டாளியிடம் சொல்லியிருந்தார்கள். அவர் மறந்துபோய்ச் சொல்லாமலே விற்றுவிட்டார். வாங்கியவர் யாரென்றும் தெரியவில்லை. இமாம் அவர்கள் அவ்விற்பனைப் பணம் முழுவதையும் தர்மமாகக் கொடுத்துவிட்டார்கள். துணி நல்ல துணிதான். குறையைச் சொல்லாததே குற்றம். கீழடியின் சான்றும் நல்ல சரக்கு. இழை விட்டுப்போன இடங்களையும் காட்டியே அதை உலகச் சந்தையில் விரிக்க வேண்டும். இல்லையேல் பிறர் அவ்விடங்களைக் கண்டுபிடித்து, முழுத் துணியையும் கிழிசல் என்று தள்ளிவிடுவர்.

கீழடி நூலுக்கு மறுபதிப்பு வருமாயின் நெசவுப் பகுதி சில வரிகளாக இராமல் ஒரு முழு இயலாக விரிதல் வேண்டும். அதில் ஒவ்வொரு தக்களி வில்லைக்கும் எடை, விட்டம், கிடைத்த குழி, கிடைத்த ஆழம் தரப்பட வேண்டும். பானைகளின் அடிப்புறத்தில் பாய் அல்லது துணி பதிந்த அச்சு இருந்தால் மெழுகில் படியெடுத்துப் படம் வெளியிட வேண்டும். தொங்குகற்களுக்கு நெசவு, வலை என இரு விளக்கங்களையும் அருகருகே எழுத வேண்டும். செம்பு ஊசியின் களிம்பில் ஏதேனும் இழை தெரிந்ததா, தெரியவில்லையா என்பதையும், தெரியவில்லையென்றால் அதையும், ஒரு வரியில் சொல்லிவிட வேண்டும்.